ஒன்பது நிமிடம் பன்னிரண்டு நொடி

அதற்குள் முப்பத்தொரு பேர் கேட்டுவிட்டார்கள். 'நீக்கு' என்பதைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறேன். இரண்டு வேலை நாள் ஆகும் என்றே வருகிறது.

என் அண்ணன் ஜூட் கிறிஸ்தவ ராக் பாடகன். நாலே பாட்டு கொண்ட அவனுடைய முதல் தொகுப்பு இன்று நள்ளிரவு பன்னிரண்டுக்கு இணையத்தில் வெளியானது. ஏற்றியது நான்.

"கடைசிப் பாட்டோட முடிவ வெட்டிடாத, டெஸ். கிட்டார் அதுவா அடங்கட்டும்" என்று சொல்லியிருந்தான். வெட்டவில்லை. முழுசாகக் கேட்கவும் இல்லை. நாலு நிமிடப் பாட்டுக்கு நேரே ஒன்பது நிமிடம் பன்னிரண்டு நொடி என்று பார்த்தபோதுதான் ஏதோ தப்பு என்று தெரிந்தது.

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பாட்டு முடிகிறது. கதவு சாத்தும் சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை, பாட்டைப் பதிவு செய்த எங்கள் சர்ச்சின் அடித்தளத்தில் ஹீட்டர் மட்டும் உறுமுகிறது. பிறகு ஒரு சாவிக்கொத்து குலுங்குகிறது. நாற்காலி இழுபடுகிறது.

"ஆண்டவரே, நீர் இருக்கீரான்னே எனக்குத் தெரியல. மூணு வருஷமா சுவத்தோடதான் பேசுறேன். மேடை ஏறி உம்மப் பத்திச் சொல்றப்பல்லாம் பொய் சொல்ற மாதிரி இருக்கு. முடியல."

அழுகை. ஹீட்டர் நிற்கிறது. மறுபடி சாவிக்கொத்து.

குரல் கரகரத்திருந்தாலும் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்.

அப்பா எங்கள் சர்ச்சின் போதகர். போன ஞாயிறு இருநூறு பேர் முன்னால், "என் மகன் பாட்ட எல்லாரும் கேளுங்க, கடைசி நொடி வரைக்கும் கேளுங்க" என்று கேட்டுக்கொண்டார். இதைக் கேட்டபின் ஜூட்டை எந்தச் சர்ச்சில் பாட விடுவார்கள்?

அவன் அறையில் ஆறிப்போன பீட்சாவோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? முப்பத்தொண்ணாமே. அதுல இருபது அம்மாவாத்தான் இருக்கும்."

"ஜூட், நம்பிக்கை போனா போகட்டும். எனக்கு நீதான் முக்கியம். பாடறத மட்டும் விட்டுடாத."

"என்ன உளர்ற?"

ஹெட்போனைக் கொடுத்தேன். கடைசி நொடி வரை கேட்டான். பீட்சாவை மெதுவாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தான்.

"பதிவ நிறுத்தாமலே பர்கர் வாங்கப் போயிட்டேன்" என்றான்.

"பரவால்ல. திரும்பி வந்து நீ தனியா ஜெபம் பண்ணினத நான் யார்ட்டயும்..."

"திரும்பி வந்தப்ப கதவு பூட்டியிருந்துச்சு, டெஸ். வாசல்ல நின்னு அப்பாவுக்குப் போன் பண்ணினேன். அவரு உள்ள இருந்து வந்து திறந்து விட்டாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. சளின்னு சொன்னாரு."

எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்றும் இருந்தது.

"எங்கிட்ட சர்ச் சாவி என்னைக்கு இருந்துச்சு?" என்றான்.

இருவரும் மாடிப்படிக்கு வந்தோம். கீழே அப்பாவின் அறையில் இன்னும் விளக்கு எரிந்தது. கதவுக்குப் பின்னால் ஜூட்டின் பாட்டு மெல்லக் கேட்டது. நாலாவது பாட்டு.

ஜூட் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை அப்பா என்னன்னு பிரசங்கம் பண்ணுவாரு?"