பாகு ஆப்பிள்

ஹாலோவீன் அன்று வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்காக, மார்லீன் காலையிலிருந்து அடுப்படியில் வெந்து செய்த ஆப்பிள்கள் அவை. சிவக்கச் சிவக்கப் பாகு காய்ச்சி, விரலைச் சுட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தோய்த்து ஆறவைத்தவை. போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த டானா, அவற்றில் ஒன்றைத் தன் மகள் கையிலிருந்து பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்தபின் மார்லீன் எப்படிச் சும்மா இருப்பாள், சொல்லுங்கள்.

நேரே போய் டானாவின் கதவைத் தட்டினாள்.

“ஏம்மா, நான் என்ன விஷமா வச்சுக் குடுத்தேன்?”

“அப்படி இல்லீங்க. வீட்டுல செஞ்சதுக்குள்ள யாராவது பிளேடு கிளேடு வச்சிருப்பாங்கன்னு...”

“நீ குடிவந்த அன்னிக்குச் சட்டி நிறையக் கோழி நூடுல்ஸ் கொண்டாந்தேனே, அதையும் கொட்டிட்டியா?”

“இல்லீங்க, அதைச் சாப்பிட்டுட்டோம்.”

“அப்ப ஆப்பிள்ல மட்டும்தான் பிளேடா? பிள்ளை எப்படி அழுதுச்சு, பார்த்தியா?”

“பார்த்தேன். அந்த வயசுல நானும் அழுதிருக்கேன்.”

“இந்தப் புத்திய உனக்குச் சொல்லிக் குடுத்த மகராசி யாரு? சொல்லு, அவளையும் நறுக்குன்னு நாலு கேக்கறேன்.”

டானா வாசலுக்கு வெளியே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்கதான், டீச்சர். மூணாங்கிளாஸ்ல, உள்ள பிளேடு இருக்கும்னு சொல்லி, எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் என் ஆப்பிளை வாங்கிக் குப்பையில போட்டீங்க. எங்கம்மா செஞ்சது அது.”