அரிசி டிரம்முக்குப் பின்னால்

“வாழை மரமா, வாசல்ல காரா?” என்று கேட்டார் சார்ஜன் ராஜசேகரன். தீபாவளி நெருங்கினால் பண்டார் தெங்காராவின் பக்கத்து வீட்டுச் சண்டைகள் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் காவல் நிலையம் ஏறும்.

“பட்டாசு சார்” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஷர்மினி. “பதினேழாம் நம்பர் வீடு. மனோகரன்னு பேரு. பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்காரு, விக்கிறதுக்கு. லைசென்ஸ் கிடையாது.”

ராஜசேகரன் பேனாவைத் தொடவில்லை. போன வாரமும் ஒருவர் இப்படித்தான் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் பெட்டி நிறைய முறுக்கு.

“கண்ணால பாத்தீங்களாம்மா?”

“பின்னால ரூம்ல, அரிசி டிரம்முக்குப் பின்னால. மேல பழைய சேலை போட்டு மூடியிருக்கு. நாலு வயசுப் புள்ள அந்த ரூம்லதான் படுக்குது.”

அதுவரை பஸ் நேரம் சொல்வதுபோலப் பேசிக்கொண்டிருந்தவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “அங்கேயே நின்னு சிகரெட்டும் பிடிக்கிறாரு சார்.”

சார்ஜன் பேனாவை எடுத்தார். “எடுத்துச் சொல்லிப் பாக்கலையா?”

“சொன்னேன். ஒரு வாரத்துல வித்துரும், சும்மா இரு லான்னுட்டாரு.”

“அலமாக்! வெளையாட்டா இது? லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தாலே ஜெயிலு. வெடிச்சா வரிசை வீடு மொத்தமும் போயிரும். அப்புறம் எனக்கு ஒன்னுமே தெரியாதுன்னு பொண்டாட்டி அழுதாலும் விசாரிக்காம விடமாட்டோம்.”

“அதான் வந்தேன் சார்.”

நல்ல பெண், அடுத்தவர் குடும்பத்துக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். “நீங்க இங்க வந்தது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா கத்துவாரு.”

“பயப்படாதீங்க, உங்க பேரு வெளிய வராது. அந்தப் புள்ள இப்ப எங்க?”

“தாடிகாவுல. பாலர் பள்ளி மத்தியானந்தான் விடும்.”

ராஜசேகரன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு கான்ஸ்டபிள்களை ஜீப்பில் ஏறச் சொன்னார். போம்பாவுக்குப் போன் போட்டு, தீயணைப்பு வண்டி ஒன்றையும் வரச் சொன்னார்.

“அந்த ஆளு கதவத் தொறக்காட்டி உடைச்சுத்தான் உள்ள போவோம்மா. சத்தம் கேட்டு மெரளாதீங்க.”

ஷர்மினி கைப்பையைத் திறந்தாள்.

“உடைக்காதீங்க சார். இந்தாங்க சாவி.”