திரும்பவும் களிம்பு

பிலோமினா அன்ரியின் பழைய கம்ப்யூட்டர் திரும்பவும் றெக்சனின் திருத்தும் கடை மேசைக்கு வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் காட்டவில்லையாம். முதல்முறை வயரை மாற்றிப் பார்த்தான். அடுத்தமுறை மதர்போர்டில் அது செருகும் இடத்தைச் சுரண்டித் துடைத்தும் கொடுத்தான். இங்கே ஒழுங்காக ஓடுவது பள்ளிமுனையில் அன்ரி வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுகிறது.

மூடியைக் கழற்றினான். அதே இடத்தில் அதே பச்சைக் களிம்பு. அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"கடற்காத்து, அன்ரி. யன்னலுக்குக் கிட்ட வைக்க வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?"

"அறைக்குள்ளதான் தம்பி வைச்சிருக்கிறன். மகளின்ர கலியாணப் படமெல்லாம் அதுக்குள்ள. கவனிக்காமல் விடுவனே?"

"பிறகு என்னெண்டு உள்ளுக்குத் தண்ணி போனது?"

"அது தண்ணியில்லைத் தம்பி, மடுமாதா கோயில் தீர்த்தம். ஒவ்வொருமுறையும் வீட்ட கொண்டுபோன உடனே தெளிப்பன்."

"கம்ப்யூட்டருக்கு உள்ளுக்கோ?"

"பழுது உள்ளுக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதுதான் மூடியைக் கழற்றிப்போட்டுத் தெளிச்சனான்."