காதுக்கு ஈடு

ஒருவன் ஊர் சுற்றப் போவான். சொன்ன நாளில் அவன் திரும்பாவிட்டால், இருந்த இடத்திலேயே இருந்த இன்னொருவனின் காது போகும். யார் அந்த இரண்டு பேர், சொல்லுங்கள்?

எங்கள் ஹங்கேரி எல்லைக் கோட்டையில் இதற்குக் குழந்தைகூடப் பதில் சொல்லும். துருக்கியரிடம் அகப்பட்ட சிப்பாய்கள்தான். மீட்புப் பணம் திரட்ட ஒருவனை வெளியே விடுவார்கள். கூட்டாளி உள்ளே பிணை நிற்பான்.

ஆறு வருடம் கழித்துத் துருக்கியர் சிறையிலிருந்து அம்புருஷ் திரும்பி வந்தான், கம்பளித் தொப்பியைக் கன்னம்வரை இழுத்து விட்டுக்கொண்டு. அவன் கிராமத்தில் யாரும் இல்லை. கொள்ளைநோய் துடைத்துவிட்டுப் போயிருந்தது. மீட்புப் பணம் நூற்றிருபது ஃபோரின்ட், மாட்டு வியாபாரி ஒருவரிடம் வாங்கிய கடன். அடைக்காவிட்டால் பத்து வருடம் அவருடைய மாடுகளை ஓட்ட வேண்டும்.

பிணை நின்று ஏமாந்தவர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுக்கக் கருவூல அதிகாரி கோட்டைக்கு வந்தார்.

"தொப்பியைக் கழட்டுப்பா."

"குளிருதுங்க."

"ஆனி வெயில்ல உனக்கு மட்டும் பனி பெய்யுதா?"

கூட்டம் சிரித்தது. அம்புருஷ் தொப்பியைக் கழற்றினான். சிரிப்பு நின்றது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்குப் பிணை நின்னே?"

அம்புருஷ் தொப்பியைக் கையில் சுருட்டினான்.

"விதி தெரியுமில்ல? ஏமாத்தினவன் சம்பளத்துலேருந்துதான் உனக்குப் பணம். பேரைச் சொல்லலேன்னா ஒரு காசு கிடையாது."

"அதோ நிக்கிறானே, காதுதின்னி!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

எல்லோரும் வாசல் காவலன் டெமெட்டரைப் பார்த்தார்கள். ஆறு வருடமாக அவனோடு யாரும் ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை. தாயில்லாத மகள் டோர்கா மட்டும்தான் அவனுக்குப் பேச்சுத் துணை. இப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பிணை நின்னவன் வாயால வரணும்," என்றார் அதிகாரி.

அம்புருஷ் டெமெட்டரின் அருகே போனான். "பேரைச் சொல்லத்தான் வந்தேன். முதல்ல நீ ஒண்ணு சொல்லு. ஏண்டா வரலே?"

டெமெட்டர் மெதுவாக ஏதோ சொன்னான். அம்புருஷுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பணம் சேந்துடுச்சுடா. கிளம்புறதுக்கு முன்னால உன் பெண்டாட்டியைப் பாத்துட்டு வரலாம்னு போனேன். ஊரே பிணமாக் கிடந்தது. உன் வீட்டுத் தொட்டில்ல மட்டும் சத்தம் கேட்டுது. நோய் வீட்டுப் பிள்ளையை யாரும் தொடலே. பால் குடுக்க ஒரு தாய்க்காரியும் பக்கத்துல வரலே. பணப் பையை அவுத்துக் காமிச்ச பிறகுதான் ஒருத்தி வந்தா. மீட்புப் பணம் மொத்தமும் அவளுக்கே போச்சு."

கூட்டம் டோர்காவைப் பார்த்தது.

"இத்தனை வருஷமா இதை ஏன் யாருக்கும் சொல்லலே?" என்று கேட்டான் அம்புருஷ்.

"சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாங்க. உன் காதை வித்துட்டு, அதுக்கு மன்னிப்பும் வாங்கிக்கவா?"

அம்புருஷ் டோர்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசைக்குத் திரும்பி வந்தான்.

"பேர் ஞாபகம் இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லு. நூத்திருபது ஃபோரின்ட்!"

"ரொம்ப வருஷமாச்சு. மறந்துடுச்சு."

அதிகாரி ஏட்டை மூடினார். கூட்டம் கலைந்தது.

டெமெட்டர் குனிந்து டோர்காவிடம், "இவர்தான்மா உன் அப்பா. நானில்லே. யார்கூடப் போறேன்னு நீயே சொல்லு," என்றான்.

அம்புருஷ் அவசரமாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

டோர்கா இரண்டு பேரையும் பார்த்தாள். டெமெட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.