பிபுலேந்து பாபுவின் வீடு

"சார், டாக்சி புக் பண்ணிடாதீங்க! இந்த வீட்டைப் பார்க்காமப் போனா, இத்தனை வருஷம் கொல்கத்தாவுல இருந்ததே வேஸ்ட்!"

ஹரீஷ் கிட்டத்தட்டக் கத்தியேவிட்டான். போனில் டாக்சி தேடிக்கொண்டிருந்த வீரராகவன் நிமிர்ந்தார்.

கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரி அவர். மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. எழுத்தாளர்கள் வாழ்ந்த இடங்களை நடந்தே சுற்றிக்காட்டும் இந்த இலக்கிய நடை அவருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் ஒரு கூட்டத்தையே அனுப்பிவைப்பார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கிய சாய்பிரியாவுக்கு இது வாழ்வா சாவா விஷயம். இன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல், தொண்டை வேறு கட்டிக்கொண்டது. கணவன் ஹரீஷ், அவள் சொல்லிக்கொடுத்ததை உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தான். பழைய புத்தகக் கடைகள், காபி ஹவுஸ், அச்சகம் எல்லாம் காட்டியாயிற்று. வீரராகவனோடு வந்த தமிழர்கள் கொட்டாவி விட்டதுதான் மிச்சம்.

"யார் வீடு இது?" வீரராகவன் சலிப்போடு கேட்டார்.

"பிபுலேந்து ஹால்தார் சார்! பெரிய நாவலாசிரியர். அந்தப் பச்சை ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டேதான் எழுதுவாராம். உக்காந்தா கதை வராதாம்!"

"நின்னுக்கிட்டேவா?" போன் பைக்குள் போனது.

"ஆமா சார். மழைக்காலத்துல இந்தச் சந்துல முழங்கால் அளவு தண்ணி நிக்கும். அதுலயே நின்னுக்கிட்டு ஜனங்க கேப்பாங்களாம், அவர் ஜன்னல்லேர்ந்து படிப்பாராம்!"

எதிர்வீட்டுப் படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், காதில் விழுந்த பெயரையும் ஹரீஷ் காட்டிய ஜன்னலையும் வைத்து விஷயத்தைப் புரிந்துகொண்டு எழுந்துவிட்டார். விரலை ஆட்டிக்கொண்டு வங்காளியில் ஏதோ கத்தினார்.

ஹரீஷ் மெல்லப் பின்வாங்கினான். தொலைந்தோம் என்று நினைத்தான்.

"என்னம்மா சொல்றார்?" வீரராகவன் மகள் அக்‌ஷயாவைக் கேட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட அவளுக்கு வங்காளிதான் சரளம்.

"தப்பாச் சொல்றாங்கன்னு திட்டறார்ப்பா. பிபுலேந்து பாபு அந்த வீட்ல இல்லியாம், இவங்க மாடியிலதான் குடியிருந்தாராம். இவரோட அம்மாதான் தினமும் மீன் குழம்பு குடுத்து அனுப்புவாங்களாம்!"

"அப்படியா!" வீரராகவனின் கண்கள் விரிந்தன.

டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அக்‌ஷயா மூச்சு வாங்க மொழிபெயர்த்தாள். "அவர் இருந்தது பக்கத்துச் சந்துலயாம். இவரோட அப்பா கடையிலதான் டீ குடிப்பாராம். மண் குவளையைத் தூக்கிப் போட மனசில்லாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாராம்!"

மாடியிலிருந்து ஓர் அம்மாள் ஈரத் துணியோடு எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா! கடைசி நாவலோட ஹீரோயின் இவங்க அத்தையாம்!"

அவ்வளவுதான். சந்தே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு வீட்டைக் காட்டினார்கள். வேட்டி மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த உள்ளூர் கிளப்பின் செயலாளர், இத்தனை பெரிய மனிதருக்கு இந்தப் பேட்டையில் ஒரு சிலைகூட இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். சிலை வைப்பது உடனே முடிவாயிற்று. எந்த முனையில் வைப்பது என்பதில்தான் சண்டை. தமிழ்க் கூட்டம் கையில் டீயோடு நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் உசுப்பேற்றியது.

வீரராகவன் வீடியோ எடுத்துக் களைத்து, ஹரீஷைக் கட்டிக்கொண்டார். "இதுதான்யா டூர்! மாசா மாசம் அனுப்பறேன். முதல்ல இங்கதான் கூட்டிட்டு வரணும், சொல்லிட்டேன்!"

ஹரீஷ் சந்து முனைக்கு ஓடிப் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

"சாயி, ஜெயிச்சுட்டோம்! மாசா மாசம் நமக்குத்தான்! பிபுலேந்து ஹால்தாருக்குச் சிலையே வைக்கப் போறாங்க!"

"யாருக்கு?" கட்டிய தொண்டையில் சாய்பிரியா கேட்டாள். "அப்படி ஒருத்தரை நான் சொல்லவே இல்லியே, ஹரீஷ்? நான் கேள்விப்பட்டதுகூட இல்ல."

ஹரீஷ் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ சொன்னதெல்லாம் தீர்ந்துபோச்சு சாயி, சாரும் கிளம்பிட்டார். பயத்துல, அந்த நிமிஷம் நானே பெத்துப் போட்ட ஆளு அவர்!"