ருலா கேட்ட லைட்டர்

ஏ.சி. முழு வேகத்தில் ஓடியும், அகபா நகரத்தின் புதிய பள்ளிக்கூடத்து வகுப்பறை அனலாய்க் கொதித்தது. கான்ட்ராக்டர் அபு சுஹைலுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

“வெயிலை வெளியிலேயே நிறுத்துற ரெட்டைக் கண்ணாடிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே, இன்ஜினியரம்மா. நிக்குதா?”

ருலா நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். போனது போகட்டும். அடுத்த கட்டடத்துக்குச் சாதா கண்ணாடியே போதும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

அவள் பேனாவை எடுக்கவில்லை.

“ஒரு லைட்டர் கிடைக்குமா, அபு சுஹைல்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்தப் பழக்கம் வேற உண்டா? வீட்ல தெரியுமா?” என்றபடி சிகரெட் பாக்கெட்டையும் சேர்த்தே நீட்டினார்.

அவள் லைட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் பற்றவைத்துப் பிடித்தாள்.

“வந்து பாருங்க. உள்ள எத்தனை சுடர் தெரியுது?”

“நாலு.”

“ஒரு கண்ணாடிக்கு முன்னும் பின்னுமா ரெண்டு சுடர். கிட்ட இருக்கிற ரெண்டும் உள்பக்கக் கண்ணாடியோடது. தள்ளி இருக்கிற ரெண்டும் வெளிப்பக்கக் கண்ணாடியோடது. ஒண்ணு மட்டும் நிறம் மாறித் தெரியுதே, அங்கதான் வெயிலைத் தடுக்குற பூச்சு இருக்கு. அது எந்தக் கண்ணாடியில?”

அபு சுஹைல் குனிந்து பார்த்தார்.

“உள்பக்கத்துல.”

“வெளிப்பக்கத்துல இருக்கணும். உங்க ஆளுங்க ஜன்னலைத் திருப்பி மாட்டியிருக்காங்க.”

லைட்டரை அணைத்து அவர் கையிலேயே வைத்தாள்.

“எனக்கு அந்தப் பழக்கமில்ல. நீங்க ஒண்ணு பத்தவைங்க. வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள அறுபது ஜன்னலையும் கழட்டித் திருப்பி மாட்டணும்ல?”