பஸ் கிளம்பியதும் வரும் வலி

“நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பினா போதும், டாக்டர். பஸ் தெருமுனை திரும்பறதுக்குள்ள இவருக்கு ஒத்தைத் தலைவலி வந்துடும்.”

மனைவி இதைப் பெருமையாகச் சொன்னாள். கணவர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாந்தி வருமா?”

“வாந்தி, கண்ணுல மின்னல், எல்லாம் வரும். என் மேல அவ்வளவு உசிரு. என் நாத்தனாருக்கு வயித்தெரிச்சல். அவ ஊருக்குப் போனா அவ வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல்கூட வர்றதில்லை.”

கைபேசி ஒலித்தது. “அம்மாதான். இதோ வந்துடறேன்” என்று வெளியே போனாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவங்க வீட்டுல இருக்கும்போது வலி வந்திருக்கா?”

“வந்ததே இல்லை.”

“மனசு இறுக்கமா இருந்தா உடம்பு கார்ட்டிசால்ங்கிற ஹார்மோனைச் சுரந்துக்கிட்டே இருக்கும், சார். அது வலியை அமுக்கி வச்சிருக்கும். இறுக்கம் சட்டுன்னு விட்டா கார்ட்டிசால் இறங்கிடும். நரம்பு நுனியில ஒரு புரதம் கசியும். ரத்தக்குழாய் வீங்கும். தலை பிளக்கும். பரீட்சை முடிஞ்ச பசங்களுக்கு வரும். ஆபீஸ் போறவங்களுக்கு லீவு நாள்ல வரும்.”

கணவர் யோசித்தார். பாதியில் யோசிப்பதை நிறுத்தினார்.

“அப்போ இது ஏக்கத்தால வர்றது இல்லையா?”

“நிம்மதியால வர்றது.”

கணவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இதை அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர். சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பெருமையடிச்சு வச்சிருக்கா. நான் அந்த வீட்டுலதான் குடியிருக்கணும்.”

கதவு திறந்தது.

“என்ன காரணம், டாக்டர்?”

கணவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“பிரிவுதாம்மா.”

அவள் முகம் மலர்ந்தது. கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதத் தொடங்கினார்.

“அதையே எனக்கும் எழுதிடுங்க” என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்துடன். “அம்மா வீட்டு வாசல்ல கால் வச்சதும் எனக்கும் இதே வலிதான். சொன்னா தாங்க மாட்டார்னுதான் இவர்கிட்ட இதுவரைக்கும் சொல்லலை.”